அரசு ஐடி டெண்டர் கைநழுவிப் போனால்: ஒப்பந்த முடிவை எதிர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுத் துறைக்கோ வாரியத்துக்கோ மென்பொருள் உருவாக்கம், டேட்டா சென்டர் பராமரிப்பு, ஆள் அனுப்பும் சேவை என ஏதாவது ஒன்றுக்கு டெண்டர் போட்டு, வேலை வேறொருவருக்குப் போய்விட்ட சிறு, நடுத்தர நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது இது. மத்திய அரசு டெண்டர்களுக்குப் பாதை வேறு. அதைத் தனிக் கேள்வியாகக் கீழே வைத்திருக்கிறேன். இங்கே இருப்பது பொதுவான நிலைமை. உங்கள் ஃபைலைப் படித்துப் பார்த்து வக்கீல் சொல்வதே உங்களுக்குப் பொருந்தும்.

முடிவு வந்துவிட்டது, எங்களுக்கு இல்லை. முதலில் என்ன செய்வது?

அன்றைக்கே ஒரு கடிதம். டெண்டரை ஏற்ற உத்தரவின் நகல், ஒப்பீட்டு அறிக்கை, உங்கள் தொழில்நுட்ப மதிப்பெண் தலைப்புவாரியாக, இந்த மூன்றையும் கேட்டு டெண்டர் அழைத்த அதிகாரிக்கு மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். போர்ட்டலில் தெரியும் ஒவ்வொரு பக்கத்தையும் தேதி, நேரம் தெரியும்படி சேமித்து வையுங்கள். டெண்டர் ஆவணம், எல்லாத் திருத்த அறிவிப்புகள், ப்ரீ-பிட் (டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்கும் கூட்டம்) கேள்விகளுக்குத் தந்த பதில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள்.

பலர் செய்வது என்ன தெரியுமா? தெரிந்த அதிகாரிக்கு போன் அடித்து, "சார், என்ன சார் ஆச்சு?" என்று விசாரிப்பது. அவர் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார். அதற்குள் கெடு ஓடிவிடும்.

எந்தக் கெடு?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களில் நம்முடையது முன்னோடி. அதன் 10-வது பிரிவின்படி டெண்டரை ஏற்கும் அதிகாரி உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவால் பாதிக்கப்பட்ட டெண்டர்தாரர் 11-வது பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான். வேலை நாள் என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை; எனவே சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசு என்றால் நடைமுறையில் அந்த நிறுவனம் எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்தத் துறையின் செயலகம். மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் டெண்டர் என்றால் தகவல் தொழில்நுட்பம் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை. டெண்டரை நடத்தியதும் அந்தத் துறையின் கீழ் உள்ள அமைப்பு, மேல்முறையீட்டைக் கேட்பதும் அதே துறை. இதில் எவ்வளவு நடுநிலை இருக்கும் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாமல் நேரே ஹைகோர்ட் போனால், "சட்டத்தில் மேல்முறையீடு இருக்கிறதே, ஏன் போகவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். தவிர, இங்கே நீங்கள் எழுத்தில் வைக்கும் காரணங்களும் அவர்கள் தரும் பதிலும்தான் பிறகு வழக்கின் அஸ்திவாரம்.

உத்தரவையே எங்களுக்குத் தரவில்லை. பத்து நாளை எங்கிருந்து எண்ணுவது?

சட்டம் சொல்வது கிடைத்த நாளிலிருந்து. தோற்றவர்களுக்கு உத்தரவு தானாக வந்து சேராமல் போவது சகஜம். போர்ட்டலில் நிலை மட்டும் மாறியிருக்கும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். போர்ட்டலில் பார்த்த நாளையே முதல் நாளாக வைத்து, கையில் இருக்கும் விவரத்தோடு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யுங்கள். உத்தரவு நகல் கேட்டு எழுதிய கடிதத்தை இணைத்து, நகல் வந்ததும் கூடுதல் காரணங்கள் சேர்க்க உரிமை கோருகிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தாமதம் என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

எவையெல்லாம் நிற்கக்கூடிய காரணங்கள்?

"எங்கள் சாஃப்ட்வேர்தான் சிறந்தது", "அவர்களுக்கு இந்தத் துறையே தெரியாது", "பத்து வருஷமாக நாங்கள்தான் செய்து வருகிறோம்". இவை எதுவும் நிற்காது. எது சிறந்தது என்று தீர்மானிப்பது மதிப்பீட்டுக் குழுவின் வேலை. அதில் மேல்முறையீட்டு அதிகாரியோ நீதிபதியோ தலையிட மாட்டார்கள்.

நிற்பவை வேறு ரகம். டெண்டர் ஆவணத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது. அந்த வரியை அவர்களே மீறியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஐடி டெண்டர்களில் இது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன்.

அனுபவச் சான்று: "கடந்த ஐந்து ஆண்டில் முடித்த இதே போன்ற பணி" என்று கேட்டிருப்பார்கள். ஜெயித்தவர் கொடுத்தது இன்னும் நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் பணி ஆணையாக இருக்கும். பணி ஆணை வேறு, முடிவுச் சான்றிதழ் வேறு. ஆவணத்தில் எது கேட்கப்பட்டது என்று வார்த்தை வார்த்தையாகப் பாருங்கள்.

தரச் சான்றிதழ்: ஐஎஸ்ஓ 27001, சிஎம்எம்ஐ மாதிரிச் சான்றுகளுக்கு காலாவதித் தேதி உண்டு. டெண்டர் சமர்ப்பிக்கும் கடைசி நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், மறுநாள் புதுப்பித்தது செல்லாது. கிளவுட் சேவை என்றால், சேவை தருபவர் மத்திய மின்னணு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ளவரா என்பதையும் சரிபாருங்கள்.

ஆட்களின் விவரம்: திட்ட மேலாளருக்கு 10 வருட அனுபவம் கேட்டு, 8 வருடக்காரருக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தால் அது எண்ணிப் பார்த்துச் சொல்லக்கூடிய தவறு. இப்படி எண்ணிக் காட்ட முடிகிற தவறுதான் உங்களுக்கு வேண்டும்.

ஆவணத்தில் இல்லாத அளவுகோல்: இது எல்லாவற்றையும் விடப் பலமானது. மதிப்பீட்டின் நடுவில் புதிதாக ஒரு உபதலைப்பு முளைத்து அதற்கு மதிப்பெண் போட்டிருந்தால், அல்லது ஒரு நிறுவனத்திடம் மட்டும் விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்கிவிட்டு அதே குறைக்காக உங்களை வெளியே தள்ளியிருந்தால், உங்கள் மனுவின் முதல் பத்தி அதுதான்.

தொழில்நுட்பமும் விலையும் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். கணக்கு எப்படி, எங்கே உதைக்கும்?

க்யூசிபிஎஸ் என்று சொல்வார்கள். 70:30 என்ற விகிதத்தில் ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப மதிப்பெண் 92, விலை 5.6 கோடி ரூபாய். உங்களுக்கு 84, விலை 5 கோடி. அதிக மதிப்பெண் பெற்றவருக்கு 70 முழுதாகப் போகும். உங்களுக்கு 84-ஐ 92-ஆல் வகுத்து 70-ஆல் பெருக்கினால் 63.91. விலையில் நீங்கள் குறைவு, ஆகவே உங்களுக்கு 30 முழுதாக, அவருக்கு 26.79. மொத்தம் அவர் 96.79, நீங்கள் 93.91. தோல்வி.

இப்போது பிரசன்டேஷனுக்கு 20 மதிப்பெண் என்றும், அதில் அவருக்கு 18, உங்களுக்கு 10 என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 15 கிடைத்திருந்தால் மொத்தத் தொழில்நுட்ப மதிப்பெண் 89 ஆகும். கூட்டிப் பார்த்தால் 97.72. நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். அறுபது லட்சம் விலை வித்தியாசத்தை ஒரு மணி நேரப் பேச்சுக்குப் போட்ட ஐந்து மதிப்பெண் விழுங்கிவிட்டது.

கோபம் வரும். ஆனால் பிரசன்டேஷன் மதிப்பெண்ணை நேரடியாகத் தாக்கினால் தோற்பீர்கள். அது குழுவின் கருத்து. தாக்க வேண்டிய இடம் அதன் சுற்றுப்புறம்: அந்த 20 மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்று ஆவணத்தில் சொன்னார்களா? குழு உறுப்பினர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்களா, அல்லது ஒரே தாளில் பென்சிலால் திருத்திய எண் இருக்கிறதா? விலை உறையைத் திறப்பதற்கு முன்பே தொழில்நுட்ப மதிப்பெண் இறுதியானதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், விலை தெரிந்த பிறகு மதிப்பெண் போட்டதாக ஆகிவிடும். அதை நியாயப்படுத்துவது யாருக்கும் கஷ்டம்.

நாங்கள்தான் எல்-1 (குறைந்த விலை கேட்டவர்). ஆனாலும் டெண்டரையே ரத்து செய்துவிட்டார்கள்.

செய்யலாம், காரணம் இருந்தால். ஏற்பு உத்தரவு போடும் முன் எல்லா டெண்டர்களையும் நிராகரிக்க 10-வது பிரிவே இடம் தருகிறது: பணியின் வரையறை மாறியது, புதிய தொழில்நுட்பம் வந்தது, நிதி இல்லை, கோர்ட் உத்தரவு மாதிரியான காரணங்களுக்காக. எல்-1 ஆவதாலேயே ஒப்பந்தம் பெறும் உரிமை பிறந்துவிடாது. ஆனால் காரணம் வெறும் சாக்காக இருந்து, அடுத்த மாதமே அதே பணி, அதே வரையறையோடு மறுபடி டெண்டருக்கு வந்தால் கேள்வி கேட்கலாம். விலை அதிகம் என்று பேரம் பேசினாலும் எல்-1 உடன் மட்டுமே பேச வேண்டும்; எல்-2, எல்-3-ஐக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் அது சட்ட மீறல்.

நிபந்தனைகளே ஒரு நிறுவனத்துக்காகத் தைத்த சட்டை மாதிரி இருந்தன. இப்போது சொல்லலாமா?

இப்போது சொன்னால் காலம் கடந்துவிட்டது. நிபந்தனைகளை ஏற்றுக் கலந்துகொண்டு, தோற்ற பிறகு நிபந்தனை தவறு என்பதைக் கோர்ட்டுகள் கேட்பதில்லை. சொல்ல வேண்டிய இடம் ப்ரீ-பிட் கூட்டம். அங்கே எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் டெண்டர் திறப்பதற்கு முன்பே சவாலுக்குப் போங்கள். ஐடி டெண்டர் சண்டைகளில் பாதி இந்தக் கட்டத்தில் தீர்ந்திருக்க வேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

முன்கூட்டியே எழுப்பினால் பலன் உண்டு என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. கிராமங்களுக்கு ஆப்டிகல் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்துக்கு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் விட்ட, சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள டெண்டர் பற்றி அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன, 'மேக் இன் இந்தியா' கொள்முதல் உத்தரவுக்கு முரணானவை என்று மத்திய தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை 2020 ஜூனில் முடிவு செய்து, டெண்டரை ரத்து செய்து திருத்திய நிபந்தனைகளோடு மறுபடி விடச் சொன்னது. மத்தியப் பணம் உள்ள மாநிலத் திட்டங்களில் மத்திய விதிகளும் பேசும் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

ஹைகோர்ட்டுக்குப் போனால் என்ன பார்ப்பார்கள்?

அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் ரிட் மனு. சென்னை, இல்லையென்றால் மதுரைக் கிளை. நான்கு பெருநகரங்களுக்கான மொபைல் உரிமம் பற்றிய டாடா செல்லுலார் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடுதான் இன்றும்: முடிவு சரியா என்று பார்க்க மாட்டோம், முடிவை எட்டிய முறை சரியா என்று பார்ப்போம். 2006 டிசம்பரில் ஜகதீஷ் மண்டல் வழக்கில் இதை இரண்டு கேள்வியாகச் சுருக்கினார்கள். முடிவு கெட்ட எண்ணத்தோடோ, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்க முடியாத அளவு தான்தோன்றித்தனமாகவோ எடுக்கப்பட்டதா? பொதுநலன் பாதிக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் மனு தள்ளுபடி.

2016-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் இன்னொரு கதவும் குறுகியது: டெண்டர் ஆவணத்தை எழுதியவருக்குத்தான் அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும், அவர் தரும் விளக்கம் கோர்ட்டுக்கு ஒப்பாவிட்டாலும் அதுவே தலையிடக் காரணமாகாது. எனவே இரண்டு அர்த்தம் தரும் வரியை நம்பி வழக்குப் போடாதீர்கள். ஒரே அர்த்தம் உள்ள வரி வேண்டும்.

அதற்காக கோர்ட் தலையிடுவதே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில், பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் டெண்டர் ஒன்றில், ஒருவருடைய பிட்டைத் தவறாக நிராகரித்து, கட்டாய ஆவணக் குறை இருந்த இன்னொருவரை ஏற்றதற்காக உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. இருவருக்கு இரண்டு அளவுகோல் என்பது எடுபடுகிற வாதம்.

பழைய வழக்கு ஒன்று, டெண்டர் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் டெண்டர் பற்றிய ரமணா ஷெட்டி வழக்கு, 1979. அரசு தானே வைத்த தகுதி நிபந்தனைக்குத் தானும் கட்டுப்பட்டது என்ற கொள்கை அங்கிருந்துதான் வருகிறது. ஜெயித்தவருக்கு அந்தத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் மனுதாரருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஐந்து மாதத்துக்கும் மேல் கழித்து வந்தார், அதற்குள் ஜெயித்தவர் பணம் போட்டுவிட்டார், மனுதாரருக்கு அந்த டெண்டரில் சொந்த அக்கறையும் இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

ஸ்டே வாங்கிவிடலாமா?

தானாகக் கிடைக்கும் தடை இங்கே கிடையாது. அமெரிக்காவில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்திடம் உரிய காலத்தில் எதிர்ப்பு கொடுத்தால் பொதுவாக ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்படும், 100 நாளுக்குள் முடிவு வந்துவிடும். நம்மிடம் ஒவ்வொரு ஸ்டேயும் கேட்டு வாங்க வேண்டியது. மேல்முறையீட்டோடு இடைக்காலத் தடை கேட்டு ஒரு மனுவையும் சேர்த்தே கொடுங்கள். இல்லாவிட்டால் அது நிலுவையில் இருக்கும்போதே பணி ஆணை போய்விடும்.

2022-ல் என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் வழக்கில், உள்கட்டமைப்புத் திட்டங்களில் கோர்ட்டுகள் தடை போடாமல் இழப்பீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்ற சட்டத்தின் உள்கட்டமைப்பு அட்டவணையில் தொலைத்தொடர்பு இருக்கிறது. ஃபைபர் பதிக்கும் வேலை என்றால் எதிர்த்தரப்பு இதைத் தூக்கிக்கொண்டு வரும். வெறும் மென்பொருள் வேலை அந்த அட்டவணையில் வராது என்று நீங்கள் வாதாட இடமுண்டு.

மத்திய அரசு டெண்டர், அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல் என்றால்?

மத்தியில் கொள்முதல் சட்டமே இல்லை. 2012-ல் கொண்டுவந்த மசோதா 2014-ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. பொது நிதி விதிகள், 2017 தான் வழிகாட்டி. நிபந்தனையையும் நடைமுறையையும் நிராகரிப்பையும் கேள்வி கேட்க டெண்டர் ஆவணத்திலேயே வழி வைக்க வேண்டும் என்கிறது 173-வது விதி. ஆகவே முறையீட்டுப் பிரிவை உங்கள் ஆவணத்திலேயே தேடுங்கள். ஜெம்-இல் தொழில்நுட்ப நிலையில் தள்ளினால் போர்ட்டலிலேயே ஆட்சேபம் பதிய வேண்டும். அவகாசம் மிகவும் குறைவு, திரையில் காட்டும் கெடுவைப் பாருங்கள். பொதுத்துறை நிறுவனங்களின் பெரிய டெண்டர்களில் நேர்மை உடன்படிக்கை (லஞ்சம் தர மாட்டோம், வாங்க மாட்டோம் என்று இரு தரப்பும் கையெழுத்திடுவது) இருந்தால் அதைக் கவனிக்கும் வெளிக் கண்காணிப்பாளர்களுக்கும் எழுதலாம். செலவில்லாத வழி, பலர் பயன்படுத்துவதில்லை.

ஆர்டிஐ போட்டு ஆதாரம் எடுக்கலாமா?

போடுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். பதில் தர 30 நாள் அவகாசம், மேல்முறையீட்டுக்கோ 10 நாள். ஜெயித்தவரின் ஆவணம் என்றால் வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டுவார்கள். மூன்றாம் தரப்பின் விலைப் பட்டியலை விட்டுவிட்டு மதிப்பெண் தாள், குழுக் கூட்டக் குறிப்பு என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்று பேர் பிட் போட்டார்கள், மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை. இது என்ன?

சிண்டிகேட் வாசனை. ஒரே கணினியிலிருந்து பதிவேற்றம், ஒரே வங்கியில் அடுத்தடுத்த எண்ணில் முன்வைப்புத் தொகை, ஒரே இயக்குநர் இரண்டு கம்பெனியில், இவையெல்லாம் அடையாளங்கள். இயக்குநர் விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். கூட்டுச் சதி டெண்டர் போட்டிச் சட்டம், 2002-இன் 3-வது பிரிவில் வரும். இந்தியப் போட்டி ஆணையத்திடம் தகவல் கொடுக்கலாம். அதிகாரிக்கும் பங்கு என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. இரண்டும் மெதுவானவை, உங்கள் ஒப்பந்தத்தை மீட்டுத் தராதவை. மேல்முறையீட்டுக்கு மாற்றாக இவற்றை நினைக்க வேண்டாம்.

எதிர்த்தால் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்களா?

மேல்முறையீடு செய்தார் என்பதற்காகப் போட முடியாது. எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும் முன்கூட்டியே நோட்டீஸ் தந்து, தடை விதிக்கப் போகிறோம் என்பதையும் அதில் சொல்லி, பதில் கேட்க வேண்டும் என்று 2014-ல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடுத்த டெண்டரில் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் உண்மையானதுதான். அதற்கு மருந்து மனுவின் தொனி. "ஊழல்", "கூட்டுச் சதி" என்ற சொற்களை ஆதாரம் இல்லாமல் எழுதாதீர்கள். பிரிவு இன்னது, பக்கம் இன்னது, கேட்டது இது, ஏற்றது அது, இதற்கு மேல் ஒரு அடைமொழி வேண்டாம்.

முன்வைப்புத் தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம். வாங்கும்போது, மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறோம் என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். முடிவை ஏற்றுக்கொண்டதால்தான் வாங்கினார்கள் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

எவ்வளவு செலவாகும்? தோற்றால்?

ரிட் மனுவுக்குக் கோர்ட் கட்டணம் சொற்பம். வக்கீல் கட்டணம்தான் செலவு. தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு, மதுபாட்டில்களில் ஒட்டும் ஹாலோகிராம் லேபிளுக்காகத் தமிழ்நாடு அரசு விட்ட டெண்டரையே பாருங்கள். தனி நீதிபதி மனுக்களைத் தள்ளினார், டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது, 2021 செப்டம்பரில் யூஃப்ளெக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பை ரத்து செய்தது. அதோடு விடவில்லை. எதிர்த்து வழக்காடியவர்கள் மறுதரப்பின் வழக்குச் செலவைத் தர வேண்டும் என்றது. அதுவும் லட்சக்கணக்கில்.

ஜெயித்தால் ஒப்பந்தம் எங்களுக்கு வந்துவிடுமா?

நேரடியாக வருவது அபூர்வம். பெரும்பாலும் மறுமதிப்பீடு, இல்லையென்றால் மறுடெண்டர். மறுடெண்டர் என்றால் உங்கள் பழைய விலை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 5 கோடி என்று போட்ட நீங்கள் மறுபடி அதே இடத்தில் நிற்க முடியாது. போட்ட உழைப்புக்கான நஷ்டஈடு ரிட் மனுவில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். நீங்கள் சுட்டும் தவறு திருத்தப்பட்டால் நீங்கள் எத்தனையாவது இடம்? முதல் இடம் என்றால் போங்கள். இரண்டாவதிலிருந்து இரண்டாவதுதான் என்றால், உங்கள் செலவில் வேறொருவருக்கு வேலை வாங்கிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.